வாசகர் கேள்வி: ஸ்கேன் கருவி இருக்க, கணினியில் எதற்கு ஓர் உடல்?

கேள்வி: நாகர்கோவிலில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் என் மகள், உடல் திசுக்களுக்குள் மீயொலி (அல்ட்ராசவுண்ட்) பரவுவதைக் கணினியில் சிமுலேஷன் செய்வதைத் தன் ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறாள். ஸ்கேன் கருவியே இருக்கும்போது, கணினியில் இல்லாத ஓர் உடலை உண்டாக்கி அதற்குள் அலையை விடுவதால் என்ன பயன்? வீட்டிலுள்ள மடிக்கணினி இதற்குத் தாங்குமா?
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: ஸ்கேன் கருவி அடிப்படையில் அளப்பது எதிரொலி திரும்பி வரும் நேரத்தையும் அதன் வலுவையும்தான். அந்த நேரத்தை ஆழமாக மாற்றுவதற்கு, உடல் முழுவதும் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் செல்வதாக அது வைத்துக்கொள்கிறது. குளச்சல் விசைப்படகுகளில் உள்ள எக்கோ சவுண்டரும் இப்படித்தான் ஆழம் சொல்கிறது. ஆனால் கடல்நீர் ஓரளவு ஒரே சீரானது, உடல் அப்படியல்ல. கொழுப்பில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1450 மீட்டர், தசையில் 1580 மீட்டர் அளவில் இருக்கிறது. எலும்பிலோ இவற்றைவிட மிக அதிகம். 2 செ.மீ. தடிமனுள்ள கொழுப்பைக் கடந்து திரும்பும் எதிரொலியை 1540 என்ற கணக்கில் வைத்தால், அதன் கீழுள்ள உறுப்பு 1.2 மி.மீ. கூடுதல் ஆழத்தில் இருப்பதாகத் திரையில் தெரியும். இது பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழைதான். அடுக்குகள் மேடுபள்ளமாக இருக்கும்போது அலைமுகமே (முன்னேறும் அலையின் முன்வரிசை) கலைந்து படம் மங்குவதுதான் பெரிய தொல்லை. நோயாளியின் உடலைத் திறந்து சரிபார்க்க முடியாது. கணினியிலோ ஒவ்வோர் அடுக்கையும் நாமே வைத்திருப்பதால், படம் எந்த இடத்தில், எவ்வளவு தவறுகிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

சிகிச்சையில் இதன் தேவை இன்னும் கூடுதல். கைநடுக்கத்துக்காக மண்டையோட்டின் வழியே மீயொலியை மூளையில் ஒரு புள்ளியில் குவிக்கும் முறைக்கு அமெரிக்காவில் 2016இல் ஒப்புதல் கிடைத்தது. எலும்பின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால், நோயாளியின் சி.டி. ஸ்கேனைக் கொண்டு, எந்த அலையை எவ்வளவு முன்பின்னாக அனுப்பினால் அனைத்தும் ஒரே புள்ளியில் சேரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டாக வேண்டும்.

இனி மடிக்கணினிக்கு வருவோம். 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் திசுவில் சுமார் 0.3 மி.மீ. கணினி அலையை இடைவெளி விட்டு அடுக்கிய புள்ளிகளில்தான் கணக்கிடும். ஓர் அலைநீளத்துக்கு மூன்று புள்ளிகள் என்று வைத்தால், 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்துக்கு 100 கோடி புள்ளிகள் தேவை. அழுத்தம் என்ற ஒரே அளவைச் சேமிக்கவே 4 ஜி.பி. நினைவகம் போய்விடும், துகள்வேகம், அடர்த்தி ஆகியவை தனி. பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசத்தைக் கொண்டு கணக்கிடும் சாதாரண வேறுபாட்டு முறையில் அலைநீளத்துக்குப் பத்துப் புள்ளிகளாவது வேண்டியிருப்பதால் சுமை முப்பது மடங்குக்கு மேல் ஏறும். மூன்று புள்ளிகளை வைத்துச் சமாளிப்பது அலையைப் பல எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கும் பூரியர் உருமாற்றத்தைப் பயன்படுத்தும் முறைதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிராட்லி டிரீபியும் பென் காக்ஸும் 2010இல் அறிமுகப்படுத்திய, இலவசமாகக் கிடைக்கும் 'கே-வேவ்' என்ற மென்பொருள் அவ்வகையைச் சேர்ந்தது. அது மேட்லாப் என்ற கணிப்பு மென்பொருளில் இயங்குகிறது. பைத்தான் வடிவமும் உண்டு. முப்பரிமாணத்தை விட்டு ஒரு குறுக்குவெட்டை மட்டும் எடுத்தால் 10 லட்சம் புள்ளிகளே வரும். அதற்கு உங்கள் மடிக்கணினி தாராளமாகப் போதும்.

மாணவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கணினிக்குள் இருக்கும் உடலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டால், தேங்காய்ப்பட்டணம் துறைமுகச் சுவரில் மோதிய அலை திரும்பி வருவதைப்போல ஒலி எல்லையில் மோதித் திரும்பி, இல்லாத உறுப்பின் எதிரொலியாகத் தோன்றும். (பூரியர் முறையில் இன்னும் வேடிக்கை: ஒரு பக்கம் வெளியேறிய அலை எதிர்ப்பக்கத்தின் வழியாக உள்ளே நுழையும்.) ஆகவே விளிம்பைச் சுற்றி, மணற்கரை அலையை வாங்கிக்கொள்வதைப்போல ஒலியை விழுங்கும் அடுக்கு ஒன்றை வைக்க வேண்டும், மின்காந்த அலைகளுக்காக பெரஞ்சே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1994இல் தந்த உத்தி அது.

திசுவில் ஒலி வலுவிழப்பதையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு செ.மீ.க்கும், ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் 0.5 டெசிபல் குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொண்டால், 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி 10 செ.மீ. சென்று திரும்புவதற்குள் 50 டெசிபல் குறைந்துவிடும், அதாவது லட்சத்தில் ஒரு பங்கு ஆற்றலே மிஞ்சும். இதைச் சேர்க்காத சிமுலேஷனின் படம் பார்க்க அழகாக இருக்கும். உடலோடு அதற்குச் சம்பந்தம் இராது.

திசுக்களைத் தொடுமுன், வெறும் நீரில் ஒரே ஒரு புள்ளியிலிருந்து அலையை விட்டு, அது வந்துசேரும் நேரத்தைத் தூரத்தை வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் விடையோடு உங்கள் மகள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அது ஒத்துவந்த பிறகு கொழுப்பு அடுக்கைச் சேர்த்து, மேலே சொன்ன 1.2 மி.மீ. கிடைக்கிறதா என்று பார்க்கலாம்.