வரிசையில் முந்தியது யார்?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக மீக்கணினியில் 512 கோர் (கணக்கிடும் அலகு) கேட்டு இரண்டு நாளாகக் காத்திருக்கிறேன். நேற்று வந்த பக்கத்து ஆய்வகத்தாரின் வேலை முடிந்தேவிட்டது. இது நியாயமா?

பதில்: இப்படியொரு சேவையை நடத்துகிறவன் என்ற முறையில், உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. யாரும் உங்களை ஒதுக்கவில்லை. உங்களுக்கு 512 கோர் சேரும்வரை, காலியான கணுக்கள், அதாவது மீக்கணினிக்குள் இருக்கும் தனித்தனிக் கணினிகள், சும்மா நிற்கும். அந்த இடைவெளியில் முடிந்துவிடக்கூடிய சிறு வேலைகளை, வரிசையை நிர்வகிக்கும் ஸ்லர்ம் போன்ற மென்பொருள் நுழைத்துவிடும். அதனால் உங்கள் முறை தள்ளிப்போகாது. உங்கள் குழு அண்மையில் அதிகம் பயன்படுத்தியிருந்தால் முன்னுரிமை குறையும், அது வேறு.

என் கவலை வேறொன்று. 512 உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா? 1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிரலில் 5 சதவீதம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும் என்றால், 64 கோரில் சுமார் 15 மடங்கு வேகம் கிடைக்கும். 512-இல் 19 மடங்குதான்! எட்டு மடங்கு கோர், ஆதாயமோ சொற்பம். முதலில் 16, 32, 64 என்று சிறிய அளவில் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலையை வரிசையில் சேர்க்கும்போது, மூன்று மணி நேர வேலைக்கு மூன்று நாள் கேட்காதீர்கள்; கொஞ்சம் கூடுதலாக, நாலு மணி போதும்.

அந்த எண்களோடு உங்கள் மையத்தின் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். புது இயந்திரம் வாங்குவதைவிட, ஒரு மாணவரோடு உட்கார்ந்து அவர் நிரலைத் திருத்தும் ஆளை நியமிப்பதே முக்கியம் என்று நிர்வாகத்திடம் நான் ஓயாமல் சொல்லிவருகிறேன்.