16 மாதத்தில் வீட்டை விற்றால் வரி எவ்வளவு?

கேள்வி: திருச்சியில் 16 மாதங்களுக்கு முன் வீட்டுக் கடனில் 60 லட்சத்துக்குத் தனி வீடு வாங்கினேன். கம்பவுண்டு சுவருக்கு 1.5 லட்சம் செலவானது. வேலை மாற்றலாகிவிட்டதால் 74 லட்சத்துக்கு விலை பேசியிருக்கிறேன். பழைய வரி முறையில் 30% வரம்பில் இருக்கிறேன். "பத்திரத்தில் 65 போடுவோம், மீதி ரொக்கம், வரியே வராது" என்கிறார் புரோக்கர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாக விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 9 லட்சம் வாங்கினால் அபராதம் 9 லட்சம். அதைக் கட்டப்போவது நீங்கள். கமிஷனை வாங்கிக்கொண்டு போன புரோக்கர் அல்ல.

இத்தனைக்கும் லாபத்துக்கான வரி 2 லட்சத்தைத் தொடவில்லை. வாங்கிய விலை 60 லட்சம், முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 9% என்று 5.40 லட்சம், சுவர் 1.5 லட்சம், விற்கும்போது தரும் 1% கமிஷன் 74,000. இவற்றைக் கழித்தால் லாபம் 6.36 லட்சம். 24 மாதத்துக்குள் விற்பதால் இது குறுகிய கால லாபம்; உங்கள் 30% வரம்பிலேயே வரி. செஸ் (வரி மீது கூடுதலாக விதிக்கும் 4%) சேர்த்து 1.98 லட்சம். சுவருக்கு பில்லும் வங்கிவழி கொடுத்த ஆதாரமும் வேண்டும். ஆதாரம் இல்லாமல் கொத்தனாருக்குக் கைக்காசாகக் கொடுத்தது கணக்கில் நிற்காது.

24 மாதம் தாண்டி விற்றால் நீண்ட கால லாபம்; வரி 12.5%தான், செஸ் சேர்த்து சுமார் 83,000. இதைக் காட்டி, "இப்போது அக்ரிமென்ட் பதிந்து பணத்தை வாங்கி, சாவியைக் கொடுங்கள்; கிரயம் பிறகு" என்று அடுத்த யோசனை வரும். பணமும் சாவியும் கைமாறிய அன்றே விற்றதாகத்தான் வருமான வரிக் கணக்கு. வேறு வீடு வாங்கியோ, லாபத்தைக் கடன் பத்திரங்களில் (பாண்டு) போட்டோ தப்பிக்கவும் முடியாது. அந்தச் சலுகைகள் நீண்ட கால லாபத்துக்கு மட்டுமே.

அப்பாவிடமிருந்து வாரிசாகவோ, உயில், தான செட்டில்மென்ட் மூலமோ வந்த வீடு என்றால் கணக்கே வேறு. பத்திரம் நேற்றுத்தான் உங்கள் பெயருக்கு மாறியிருந்தாலும் அப்பா வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். அவர் கொடுத்த விலைதான் உங்கள் விலை. தம்பிக்குப் பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்கியிருந்தால், அவர் பங்குக்கு மட்டும் அந்தப் பத்திரத் தேதியிலிருந்து. உங்களுடையதோ கிரயம் வாங்கிய வீடு; இந்த வழி இல்லை.

பலரும் மறப்பது 80சி வரிக் கழிவு. சுவாதீனம் பெற்ற நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் விற்றால், கடன் அசலுக்கும் முத்திரைத்தாளுக்கும் முன்பு கழித்ததெல்லாம் விற்கும் ஆண்டின் வருமானத்தில் திரும்பச் சேரும். வட்டிக்குக் கழித்தது சேராது. ஒரே வீட்டுக்கு ஒரு கெடு 24 மாதம், இன்னொன்று 5 ஆண்டு! வேலை மாற்றல் என்று கெஞ்சினாலும் சட்டம் இறங்காது.

வாங்குபவர் 1% டிடிஎஸ் (உங்கள் பெயரில் அரசுக்குக் கட்ட விலையிலேயே பிடிக்கும் வரி), அதாவது 74,000 பிடிப்பார். "அதோடு வரி முடிந்தது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது உங்கள் பான் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். மீதியை அடுத்து வரும் அட்வான்ஸ் டாக்ஸ் கெடுவுக்குள் (ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15) கட்டாவிட்டால் மாதம் 1% வட்டி ஓடும்.