அந்த வரியை எடுக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் மூன்றாமாண்டு படிக்கிறேன். பிப்ரவரி 12, சிறுவர்களைப் படையில் சேர்ப்பதற்கு எதிரான சிவப்புக் கை நாள். அதையொட்டி நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு வீதி நாடகம் தயாரித்தோம். நீடாமங்கலம் பக்கம் ஓர் ஊரிலும் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஓர் ஊரிலும் போட்டோம். காங்கோ, உகாண்டா, சியரா லியோன் என்று போகும் நாடகம். முடிவில் பார்க்க வந்தவர்களை வெள்ளைத் துணியில் சிவப்புச் சாயத்தால் கை பதிக்கச் சொல்வோம்.

முதல் ஊரில் ஒரு பெரியவர், "ஆப்பிரிக்காவுல நடக்குறதுக்கு நாங்க ஏம்மா கையில சாயம் பூசிக்கணும்? இங்கயே ஆயிரம் கெடக்கு" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது ஊரில், "இது ஈழத்திலும் நடந்தது" என்று ஒரு வரி வந்ததும் ஒருவர் எழுந்து, "உசுரக் குடுத்தவங்களக் கொச்சைப்படுத்தாதே" என்று கத்தினார். பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது. இப்போது எங்களுக்குள்ளேயே சண்டை. அந்த வரியை எடுத்துவிட்டால் எல்லா ஊரிலும் போடலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். எடுத்தால் வரமாட்டேன் என்கிறான் அந்த வரியைப் பேசுகிற பையன். இதனால் யாருக்காவது பயன் உண்டா என்ற சந்தேகமும் எனக்கு வந்துவிட்டது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு மாணவி

*

அன்புள்ள மாணவிக்கு,

எடுக்காதீர்கள். அது ஒரே வரியாக இருப்பதுதான் சிக்கல். முக்கால் மணி நேரம் ஆப்பிரிக்காவைக் காட்டிவிட்டுப் போகிற போக்கில் ஈழம் என்று ஒரு சொல் சொன்னால், கேட்கிறவருக்கு அது குத்திக்காட்டுவது போலத்தான் படும். அந்த வரியை ஒரு காட்சியாக வளர்த்தெடுங்கள்.

எழுந்து கத்தியவரை எதிரியாக நினைக்க வேண்டாம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வேதாரண்யம், கோடியக்கரை. கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணம். எண்பதுகளில் படகுகள் வந்து இறங்கிய கரை அது. ஒரத்தநாட்டுப் பக்கம் ஓர் இயக்கத்தின் பயிற்சி முகாமே இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்த பிள்ளைகளை நம் ஊர்கள் சொந்தப் பிள்ளைகளாகத்தான் பார்த்தன. உங்கள் கூட்டத்தில் எழுந்தவர் யாருக்காவது சோறு போட்டிருப்பார், அல்லது அவருடைய அம்மா போட்டிருப்பார். அந்தப் பிள்ளைகளில் பலர் திரும்பவில்லை. அவர் கத்தியது அந்த வலியில்.

என் அத்தை வீடு அந்தக் கடலோரத்தில்தான் இருந்தது. நான் எட்டாம் வகுப்பு படித்தபோது விடுமுறைக்குப் போயிருந்தேன். படகுக்காகக் காத்திருந்த மூன்று பேர் திண்ணையில் தங்கியிருந்தார்கள். எந்த இயக்கம் என்று யாரும் கேட்கவில்லை. மூவரில் சிறியவன் போட்டிருந்த சட்டை வேறு யாருடையதோ. கையை நான்கு மடிப்பு மடித்துவிட்டும் மணிக்கட்டுக்கு இறங்கியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மற்ற இருவரும் தூங்க, அவன் என் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினான். ஓரிடத்தில் விரலை வைத்து, "இது பிழை, வாத்தியார் பாக்கேல்லையோ?" என்றான். பென்சிலை வாங்கி, அடியில் நாலு வரியில் போட்டுக் காட்டினான். அடுத்த கணக்கையும் போட்டான். அத்தை காபிக்குக் கூப்பிடும் வரை பக்கம் பக்கமாகப் போட்டுக்கொண்டே இருந்தான். விடிவதற்குள் மூவரும் போய்விட்டார்கள். அத்தை அவனுக்கு ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் கட்டிக் கொடுத்ததாகச் சொன்னாள். அவனுக்கு என்னைவிட ஒரு வயது, மிஞ்சினால் இரண்டு வயது கூட இருக்கும். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவன்.

அவனை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவனைப் பற்றிப் பேசுவது அவனைக் கொச்சைப்படுத்துவது ஆகாது. அவனை அனுப்பிய பெரியவர்களைப் பற்றித்தான் கேள்வி.

நடந்தது என்ன என்று உங்கள் குழுவுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சண்டைக்கு அனுப்ப மாட்டோம் என்று 1998இல் ஐ.நா. பிரதிநிதியிடம் விடுதலைப் புலிகள் வாக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, 2003 முதல் 2008 முடிய, அவர்கள் சேர்த்த சிறுவர்கள் என்று யுனிசெஃப் பதிவு செய்தவை மட்டுமே 6,000க்கு மேல். கிழக்கில் கோயில் திருவிழாவுக்குப் போன பிள்ளைகளைப் பிடித்துப் போனார்கள். 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து தன் படையைக் கலைத்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் வீடு திரும்பினார்கள். அவர்களைப் புலிகள் மறுபடி கேட்டு வந்தபோது மட்டக்களப்புப் பக்கத்துத் தாய்மார் எதிர்த்து நின்றார்கள். பின்னால் கருணா அணியும் அதே வேலையைச் செய்தது. அதற்கு இலங்கைப் படையினர் சிலர் துணைபோனதற்கு நம்பகமான சான்று இருப்பதாக ஐ.நா. சார்பில் போய்வந்த ஆலன் ராக் 2006இல் சொன்னார். போரின் கடைசிக் காலத்தில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டாயம். பிள்ளையைப் பதுங்குகுழியில் ஒளித்து வைத்தார்கள். கல்யாணமானால் விட்டுவிடுவார்கள் என்று பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள். அந்தத் தாய்மார் எல்லோரும் தமிழர்கள்தானே. போராளியை மதிப்பதற்காக அவர்களை மறக்கச் சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

இதோடு செஞ்சோலையையும் சொல்லுங்கள். சொல்லியே ஆக வேண்டும். 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில் இருந்த செஞ்சோலை வளாகத்தில் இலங்கை விமானப்படை குண்டு போட்டு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெரும்பாலும் பள்ளி மாணவிகள். பயிற்சியில் இருந்த சிறார் போராளிகள் என்றது அரசு. அதற்கு ஆதாரம் இல்லை என்றது யுனிசெஃப். குண்டு போட்டவர்களின் குற்றம் அவர்களுடையது, அதில் ஒரு துளிகூடக் குறையாது. ஆனால் அப்படி ஒரு பொய்யைச் சொல்ல வாய்ப்பு எங்கிருந்து வந்தது? ஒரு வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் கையில் துப்பாக்கி கொடுத்தால் மிச்சமிருக்கும் பிள்ளைகள் எல்லோரையும் அப்படிச் சொல்லிக் கொன்றுவிட முடிகிறது. உங்கள் காட்சியில் இது வந்தால், எழுந்து போனவர் உட்கார்ந்து கேட்பார் என்று நம்புகிறேன்.

"அவங்களாத்தான் போனாங்க" என்று யாராவது சொல்வார்கள். தானாகப் போனவர்கள் உண்டு. அண்ணனைச் சுட்டதைப் பார்த்தவள், அப்பாவைத் தேடி ராணுவ முகாம் வாசலில் நின்றவன். பதினான்கு வயதில் எடுத்த அந்த முடிவை ஏற்றுக்கொண்ட பெரியவர்தான் பொறுப்பு என்கிறது சட்டம். குழந்தை உரிமை உடன்படிக்கையோடு சேர்த்து 2000இல் ஐ.நா. நிறைவேற்றிய விருப்ப நெறிமுறை, அரசுப் படை அல்லாத ஆயுதக் குழு எதுவும் 18க்குக் குறைந்தவரை, தானாக வந்தாலும், சேர்க்கக் கூடாது என்கிறது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2002 பிப்ரவரி 12. சிவப்புக் கை நாள் அதனால்தான் அன்று. இந்தியா 2005இல் அதை ஏற்றது. இங்கே 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில், அரசு அறிவித்த தீவிரவாதக் குழு சிறுவரைச் சேர்த்தால் ஏழாண்டு வரை கடுங்காவல் உண்டு. சத்தீஸ்கர், ஜார்க்கண்டில் மாவோயிஸ்டுகள் சிறுவர்களைப் பயன்படுத்தியதை ஐ.நா. அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தன. நம் நாட்டுக்குள்ளேயே நடந்த சங்கதி.

நம் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தஞ்சை மாவட்டத்துப் பேச்சுப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தவன் நான். புறநானூற்று 279ஆம் பாட்டு வராத போட்டி அபூர்வம். போரில் உறவையும் கணவனையும் இழந்தவள், மறுபடி பறை கேட்டதும் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைசீவி, வேல் ஒன்றைக் கையில் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். ஒக்கூர் மாசாத்தியாரின் பாட்டு. கேட்டால் இன்றைக்கும் உடம்பு நடுங்கும் பாட்டு. அதை ஆறாம் வகுப்புப் பிள்ளை கையை ஓங்கிச் சொல்ல, நாம் கைதட்டுகிறோம். தலைசீவிவிட அம்மா வேண்டியிருக்கிற வயதுப் பையனை அனுப்புகிறாளே என்று ஒருவரும் பதறுவதில்லை. பாட்டை விடச் சொல்லவில்லை. அந்தக் கைதட்டலில் வளர்ந்த ஊரில் நாடகம் போடுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் மெதுவாக. 2009 பிப்ரவரியில் நூற்றொரு நாடுகளிலிருந்து உங்களைப் போன்ற பிள்ளைகள் பதித்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்புக் கைகள் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் கையில் கொடுக்கப்பட்டன. அதனால் மட்டும் எந்தப் போரும் நிற்கவில்லை. சிறுவரைச் சேர்க்கும் படைகளின் பெயரை ஐ.நா. ஆண்டுதோறும் பட்டியலிட்டு வெளியிடுகிறது. அதிலிருந்து வெளியேற வேண்டுமானால் பிள்ளைகளை விடுவிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். உலகம் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அந்தப் பட்டியலுக்கு மதிப்பு. நேபாளத்தில் மாவோயிஸ்டுகள் அப்படிக் கையெழுத்திட்டு, சிறுவர்களாகச் சேர்க்கப்பட்டவர்கள் என்று கண்டறியப்பட்ட 2,973 பேரை 2010 தொடக்கத்தில் முகாம்களிலிருந்து அனுப்பினார்கள். அனுப்பும்போது 'தகுதியற்றவர்கள்' என்று முத்திரை குத்தி அனுப்பியதால், அந்த இளைஞர்கள் ஊருக்குப் போக வெட்கப்பட்டார்கள். வீடு திரும்பிய பிள்ளையை ஊர் எப்படி ஏற்கிறது என்பது நாடகத்தில் இல்லையென்றால் சேருங்கள்.

துப்பாக்கியைக் குறையுங்கள். மேடையில் கட்டைத் துப்பாக்கி வந்ததும் முன்வரிசைச் சிறுவர்கள் உற்சாகமாகிவிடுவார்கள், கவனித்திருப்பீர்கள். படையில் பிள்ளைகள் என்றால் சமைப்பவர்கள், சுமப்பவர்கள், வேவு பார்ப்பவர்கள், சேதி கொண்டு போகிறவர்கள், படைத்தலைவனுக்கு மனைவி என்று கொடுக்கப்பட்ட சிறுமிகள் எல்லோரும்தான். உகாண்டாவைக் காட்டுவதானால் டொமினிக் ஓங்வெனைக் காட்டுங்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு கிளர்ச்சிப் படையால் கடத்தப்பட்ட பையன்; அதே படையில் தளபதியாக வளர்ந்து, வேறு பிள்ளைகளைக் கடத்தினான். 2021இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 25 ஆண்டு சிறை விதித்தது. ஆயுள் தண்டனை கொடுக்காததற்கு அவன் பறிகொடுத்த சிறுவயதைக் காரணமாகச் சொன்னது. உங்கள் வயதுக்காரர்கள் ஓர் இரவு முழுக்க வாதாட வேண்டிய வழக்கு அது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து யாரையாவது கூட்டிவந்து மேடையில் பேச வைக்கலாம் என்று யோசனை வரும். அவர்களாகக் கேட்டால் ஒழிய வேண்டாம். அவர்களுக்கு இன்னும் அங்கே சொந்தங்கள் இருக்கிறார்கள், இங்கே அவர்களைக் கண்காணிக்கும் போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் இருக்கிறது.

நீடாமங்கலத்துப் பெரியவருக்கு வருகிறேன். "இங்கயே ஆயிரம் கெடக்கு" என்றாரே, அவர் சொன்னது சரி. அதையே பிடித்துக்கொள்ளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 182ஆம் உடன்படிக்கை 1999இல் வந்தது. 2017இல் இந்தியா ஏற்றது. குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களை அது வரிசைப்படுத்துகிறது. பிள்ளையை விற்பது, கடனுக்கு அடிமையாக்குவது, போருக்குக் கட்டாயமாகச் சேர்ப்பது, மூன்றும் ஒரே உட்பிரிவில் இருக்கின்றன. நடுவில் சொன்னது நம் வயல்களில் நடக்கிறது. சம்பா அறுத்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள், அதாவது ஆட்டு மந்தைக்காரர்கள், வயலில் கிடை போட வருகிறார்கள். வாத்துக்காரர்களும் வருகிறார்கள். எல்லோரையும் சொல்லவில்லை, ஆனால் மருத்துவச் செலவுக்கும் கல்யாணக் கடனுக்கும் சில ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு டெல்டாவிலேயே பிள்ளையை ஆட்டுக்கும் வாத்துக்கும் அனுப்பிய குடும்பங்கள் உண்டு. 2018இல் கஜா புயல் கூரையைப் பிடுங்கிய பிறகு அப்படி அடகு வைக்கப்பட்டு மீட்கப்பட்ட சிறுவனைப் பற்றிச் செய்தி வந்தது. ஆட்டுக்குப் போகிறவனும் போருக்குப் போகிறவனும் படுகிற பாடு ஒன்றாகாது. ஆனால் வீடு இடிந்து, கடன் ஏறி, பள்ளிக்கூடம் நின்றுபோன சமயத்தில் ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்று "பையனை அனுப்புங்க" என்று கேட்கிற அந்த நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்தப் பெரியவருக்கு இந்தக் காட்சியை எழுதிக் காட்டுங்கள். ஆப்பிரிக்கா பிறகு தானாகப் புரியும்.

பிப்ரவரி 12 என்பது தைக் கடைசி. அறுவடை முடிந்து கிடை இறங்கியிருக்கும் நேரம். நாடகம் போடப் போகிற ஊரில் முந்தின நாளே போய் வயலைச் சுற்றி வாருங்கள். மந்தைக்குப் பின்னால் பள்ளிக்கூட வயதுப் பிள்ளை நின்றால் பேச்சுக் கொடுங்கள், எந்த ஊர், அப்பா அம்மா எங்கே, எப்போது வந்தாய் என்று. படம் எடுத்துப் போட வேண்டாம். கீதாரியிடம் சண்டைக்கும் போக வேண்டாம், இரவோடு இரவாகப் பையனை வேறு கிடைக்கு மாற்றிவிடுவார்கள். சற்றுத் தள்ளி வந்து சிறுவர் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இன்படி விடுவிப்புச் சான்று கொடுக்க வேண்டியவர்கள் வருவாய்த் துறையினர், ஆகவே கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் ஒரு மனு கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சான்று இல்லாமல் பிள்ளையை வீட்டில் கொண்டுவிட்டால் கடன் அப்படியே நிற்கும், அடுத்த தைக்கு மறுபடி அனுப்பிவிடுவார்கள்.

அன்புடன்.