கிருமிக்குப் பயந்து கையைப் புண்ணாக்கலாமா?

கேள்வி: கிருமி பயத்தால் ஒரு நாளைக்கு இருபது முறைக்கு மேல் கிருமிநாசினி சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். விரல் இடுக்குகள் வெடித்து எரிகின்றன. காதையும் தினமும் பட்ஸ் விட்டுச் சுத்தம் செய்கிறேன். சளியைத் தெரியாமல் விழுங்கிவிட்டால் அன்று முழுவதும் கவலைதான். இன்னும் வீரியமான சோப்பு ஏதாவது சொல்ல முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சொல்ல மாட்டேன். இப்போது வைத்திருப்பதையே விட்டுவிடச் சொல்லப்போகிறேன்.

விரல் இடுக்கில் இருக்கும் அந்த வெடிப்பை உற்றுப் பாருங்கள். தோலின் மேலடுக்கு முழுவதும் இறந்த செல்கள். அவற்றின் இடைவெளிகளைக் கொழுப்பு அடைத்திருக்கிறது. செங்கல்லும் காரையும் போல. காரையை நாள் முழுக்கக் கழுவிக் கழுவி எடுத்துவிட்டால் சுவர் விரிசல் விடாமல் என்ன செய்யும்? நல்ல தோலைத் துளைக்க முடியாத கிருமிக்கு அந்த விரிசல் தாராளம். தவிர, தோலுக்கு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உண்டு, பி.எச். அளவு 5ஐ ஒட்டி இருக்கும். கெட்ட கிருமிகள் பலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது. சோப்புக் கட்டிகளில் பெரும்பாலானவை காரத்தன்மை கொண்டவை. கழுவிய தோல் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் நீங்கள் மறுபடி குழாயடியில் நிற்கிறீர்கள்!

'கிருமிநாசினி' என்று உறையில் அச்சிட்டிருப்பதற்கும் மயங்க வேண்டாம். சாதாரண சோப்பைவிட அவை மேலானவை என்பதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்று கூறி, ட்ரைக்ளோசான் உட்பட 19 வேதிப்பொருள்கள் சேர்த்த சோப்புகளின் விற்பனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் தடை விதித்தது. கழிப்பறை சென்று வந்ததும், சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும், மூக்கைச் சிந்திய பிறகும் சாதாரண சோப்பால் 20 வினாடி கழுவுங்கள். ஈரத்தை ஒற்றியெடுத்து, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ தடவுங்கள்.

சளிக்கு வருவோம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் வினாடிக்குப் பத்துத் தடவை போல அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைக்கு ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. அதை நாம் எல்லோருமே, தூக்கத்தில்கூட, விழுங்குகிறோம். இரைப்பை அமிலத்தில் பெரும்பாலான கிருமிகளின் கதை முடிந்துவிடும். (ஹெலிகோபாக்டர் பைலோரி போன்ற சில, அங்கேயே குடித்தனம் நடத்துவதும் உண்டு.) அதுமட்டுமல்ல, பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதியை அலெக்சாண்டர் ஃபிளெமிங் முதலில் கண்டது மூக்குச்சளியில்தான். 1922இல் அதை அறிவித்தார். அவர் கண்டுபிடித்த பென்சிலின் பிறகுதான் வந்தது. ஆகவே விழுங்கிய சளிக்காகக் கவலைப்படாதீர்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால் கவலைப்படுங்கள். அந்த மயிரிழைகளை முடக்கிப்போடுவது புகைதான்.

காதுக் குறும்பி அழுக்கல்ல, காவல். தானாகவே மெல்ல வெளியே வந்துவிடும். பட்ஸ் அதை உள்ளே தள்ளி அடைக்கிறது. வெளிமடலைத் துணியால் துடைத்தால் போதும்.

வெடிப்பில் சீழ் வைத்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று. இதையெல்லாம் படித்த பிறகும், கை எரிய எரியக் கழுவாமல் இருக்க முடியவில்லை என்றால், அது எண்ணச் சுழற்சி நோயாக (ஓ.சி.டி. – ஒரே எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலப் பிரச்சினை) இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, நன்றாகவே பலன் தரும். மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்; எத்தனை முறை கழுவுகிறீர்கள் என்பதை அவரிடம் குறைக்காமல் சொல்லுங்கள்.