அலுவலகத்துக்குச் சீரான வெளிச்சம்: விளக்குப் பெட்டியைத் தச்சரே செய்யலாமா?

கேள்வி: தக்கலைக்கு அருகே ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கணக்குத் தணிக்கை அலுவலகம் தொடங்கியிருக்கிறோம். பெரிய அறை 20 அடி நீளம், 15 அடி அகலம். பத்தடி உயரத்தில் கறுத்த மரத்தட்டு, அதாவது மரப்பலகைக் கூரை. ஒரு நீளச் சுவரில் இரண்டு ஜன்னல்கள். ஆறு பேர் வேலை செய்கிறோம். இப்போது நடுவில் இரண்டு டியூப் லைட் மட்டுமே; சுவரோரம் உட்காருபவர்களுக்குத் தாளின் மீது சொந்த நிழலே விழுகிறது. கடையில் கேட்டால் 36 வாட் சதுர பேனல் பன்னிரண்டு போடச் சொல்கிறார்கள். என் மைத்துனர் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். அவரைக் கொண்டே குறைந்த செலவில் விளக்குப் பெட்டி செய்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். பன்னிரண்டு பேனல் உங்களுக்குத் தேவையே இல்லை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் அறை ஏறத்தாழ 28 சதுர மீட்டர். விளக்கு வெளிவிடும் மொத்த வெளிச்சத்தை லூமனில் அளப்பார்கள்; ஒரு பேனல் சுமார் 3,600 லூமன் தரும். பன்னிரண்டும் சேர்ந்தால் 43,200. இருண்ட கூரையும் சுவரும் விழுங்கியது போக அதில் பாதிதான் மேசைக்கு வந்து சேரும். தூசுக்கும் விளக்கின் வயதுக்கும் இன்னும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். மீதியைப் பரப்பால் வகுத்தால் 600 லக்ஸைத் தாண்டுகிறது (லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்). எழுத்து வேலைக்கு மேசையில் 300 முதல் 500 லக்ஸ் போதும். அதுவும் தாள் இருக்கும் இடத்தில் வேண்டுமே தவிர, நடைபாதையிலும் பீரோ முன்னாலும் வேண்டியதில்லை.

உங்கள் சிக்கல் வெளிச்சத்தின் அளவைவிட அது வரும் இடத்தில்தான் இருக்கிறது. விளக்கு நடுவில், ஆள் ஓரத்தில். முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் நிழல் தாளில் விழாமல் வேறெங்கே விழும்? நடுவிளக்கை எத்தனை வாட்டுக்கு மாற்றினாலும் அந்த நிழல் போகாது.

விளக்கு வாங்கும் முன் கூரையைக் கவனியுங்கள். நம் பக்கத்து மரத்தட்டு அழகானதுதான், ஆனால் கறுத்த மரம் தன் மேல் விழும் வெளிச்சத்தின் பெரும்பங்கைத் திருப்பித் தராது. அதைவிடப் பெரிய தொந்தரவு, இருண்ட கூரையின் நடுவே எரியும் விளக்கு கண்ணைக் குத்துவது. அதே விளக்கு வெள்ளைக் கூரையில் குத்தாது. வாடகை வீடு என்பதால் மரத்தில் பெயின்ட் அடிக்க வேண்டாம். உத்தரங்களுக்கு இடையே, கழற்றக்கூடிய மெல்லிய பலகைகளைப் பளபளப்பில்லாத வெள்ளை பூசித் திருகி வையுங்கள். சுவருக்கும் அதே மங்கல் வெள்ளை. மொத்தச் செலவில் அதிகப் பலன் தரப்போவது இதுதான்.

பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்குப் பக்கம்தான். அடுத்த முறை போகும்போது அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் ஜன்னல்களைக் கவனியுங்கள். வண்ண மைக்காவும் மரச் சட்டங்களும் வெயிலை வடிகட்டியே உள்ளே விடுகின்றன. வெளிச்சம் குறைவுதான், ஆனாலும் கண் கூசுவதில்லை. கணக்குப் பார்க்க அந்த வெளிச்சம் போதாது என்பது வேறு விஷயம்.

இனி இடம். மேசை மட்டத்திலிருந்து கூரை ஏழரை அடி. இரண்டு விளக்கு வரிசைகளுக்கு நடுவே அந்த உயரத்தைவிட அதிகம் விலகாமல், சுவரிலிருந்து அதில் பாதித் தூரத்தில் வைத்தால் வெளிச்சம் சீராகப் பரவும். உங்கள் அகலத்துக்கு இது அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது: இரு நீளச் சுவர்களிலிருந்தும் மூன்றே முக்கால் அடி தள்ளி ஒவ்வொரு வரிசை, நடுவில் ஏழரை அடி. வரிசைக்கு நான்கு பெட்டிகள், இடைவெளி விடாமல். பெட்டி ஒவ்வொன்றும் 4 அடி 4 அங்குலம் என்றால் இரு முனையிலும் ஓரடிக்குச் சற்று மேல் மிஞ்சும். ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஸ்விட்ச் வையுங்கள். பகலில் ஜன்னல் பக்க வரிசையை அணைத்துவிடலாம்.

பெட்டி என்பது கவிழ்த்து வைத்த தொட்டிதான். அகலம் எட்டு அங்குலம். உள்ளே நடுவில் 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (டியூப் லைட் போன்ற நீள விளக்கு), கீழ்நோக்கி. பக்கப் பலகைகள் விளக்கைவிட மூன்று அங்குலம் கீழே இறங்கி நிற்க வேண்டும். அப்போது தள்ளி உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு விளக்கு நேராகத் தெரியாது. நீளவாக்கில் பார்ப்பவருக்கு இந்த மறைப்பு உதவாது என்பதால், ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக, அதே மூன்று அங்குல உயரத்தில் மெல்லிய பிளைவுட் குறுக்குச் சட்டங்களைப் பள்ளம் வெட்டிச் செருகச் சொல்லுங்கள். பால் வெள்ளை அக்ரிலிக் மூடி போட்டாலும் கூச்சம் குறையும். ஆனால் அது வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்னும், பூச்சிகளும் உள்ளே சேரும். எனக்குச் சட்டமே பிடிக்கும். உள்ளே முழுவதும் மங்கல் வெள்ளைதான்; கண்ணாடித் தகடு ஒட்டினால் பளிச்சென்று இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது கூச்சத்தைத்தான் கூட்டும்.

பேட்டனின் மேல்பக்கம் காற்றுப் போக இரண்டு நீளத் துளைகள் விடுங்கள். எல்.இ.டி.யைக் கெடுப்பது பெரும்பாலும், மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சூடேறுவதுதான். கம்பி இணைப்புகள் மரத்தின் மேல் திறந்து கிடக்கக் கூடாது, மூடிய பிவிசி பெட்டிக்குள் இருக்க வேண்டும். அந்த வேலை மைத்துனருடையது அல்ல, எலக்ட்ரீசியனுடையது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம், ஆகவே ஈரம் தாங்கும் பிளைவுட்டாக எடுங்கள். இதே யோசனையைக் குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் செய்பவர்கள் இரும்புத் தகட்டையும் சாதாரணத் திருகையும் தவிர்ப்பது நல்லது. ஐப்பசி இடிக்கு டிரைவர்கள் பலியாகாமலிருக்க மெயின் போர்டில் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்று வையுங்கள்.

பேட்டன் வாங்கும்போது வாட்டைப் பார்க்காமல் அட்டைப்பெட்டியில் லூமனைப் படியுங்கள்; 20 வாட்டுக்கு 2,200 கிடைத்தால் நல்லது. நிறம் 4,000 கெல்வின், அதாவது மஞ்சளோ நீலமோ தூக்கலாக இல்லாத வெள்ளை. 6,500 நீலம் கலந்த வெள்ளை, மாலையில் மரத்தட்டு வீட்டுக்குள் ஆஸ்பத்திரி வராந்தாபோல் ஆகிவிடும். கடையிலேயே எரியவிட்டு, கைப்பேசிக் கேமராவை விளக்குக்கு அருகில் கொண்டுபோங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் பலமாக ஓடினால் அந்த விளக்கு துடிக்கிறது. மாலையில் தலைவலி வேண்டாம் என்றால் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

எட்டு பேட்டனும் சேர்ந்து, முன்சொன்ன அதே கழிவுகள் போக, அறை முழுவதும் சராசரி 250 லக்ஸ் தரும். மீதியை மேசைக்கு ஒரு 7 வாட் விளக்கு பார்த்துக்கொள்ளும். எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். பீரோக்களின் தலையில் இன்னும் இரண்டு பேட்டன்களை மேல்நோக்கிப் படுக்க வைத்தால் வெள்ளைப் பலகைகள் ஒளிர்ந்து அறை உயர்ந்ததுபோல் தோன்றும். எல்லாம் சேர்ந்து 242 வாட். பேனல்கள் 432 வாட். நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 48 யூனிட்டுக்கும் 86 யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

கணினித் திரை ஜன்னலுக்கு நேராகவோ முதுகு காட்டியோ இருக்க வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். மேசைகளை விளக்கு வரிசைக்கு நேர்கீழே தள்ளாமல் சற்று விலக்கி, பார்வை வரிசையின் நீளவாக்கில் போகும்படி போடுங்கள்.

எட்டுப் பெட்டிக்கும் ஒரேயடியாகப் பலகை அறுக்கச் சொல்லாதீர்கள். முதலில் ஒன்று. கூரைப் பலகையை வெள்ளையாக்கிய பிறகு அந்தப் பெட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டு, இருட்டியபின் ஒரு பேரேட்டைத் திறந்து உட்காருங்கள். நிமிர்ந்தால் கண் கூசுகிறதா, சட்டங்களின் நிழல் தாளில் கோடு போடுகிறதா என்று பாருங்கள். கோடு விழுந்தால் சட்டத்தை மெல்லியதாக்கச் சொல்லுங்கள், கூசினால் நெருக்கமாக வைக்கச் சொல்லுங்கள். மற்ற ஏழும் அதன் பிறகு.