ஆங்கில இலக்கியம் படித்தவர் ஐஎஃப்எஸ் (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரி ஆக முடியுமா?

சென்னையில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறீர்கள். தூதரக அதிகாரியாக சர்வதேச உறவுகளில் பட்டம் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். தேவையில்லை. ஏதாவது ஒரு பட்டம் போதும். அண்ணாநகர் கோச்சிங் சென்டர்களில் ஐஏஎஸ்ஸுக்குப் படிக்கிறார்களே, அதே யுபிஎஸ்சி தேர்வுதான். ரேங்கையும் உங்கள் விருப்ப வரிசையையும் பார்த்துப் பணி ஒதுக்குவார்கள்.

சி.பி. முத்தம்மாவும் உங்களைப் போல இலக்கியம்தான். குடகுக்காரர், இங்கே மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்தவர். 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்க வேண்டும் என்று அப்போது ஒரு விதி! (ஆண்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது.) 1970-இல் ஹங்கேரிக்குத் தூதரானார். அப்புறம் பதவி உயர்வு மறுக்கப்பட, உச்ச நீதிமன்றத்துக்கே போனார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. அதனால் 1979-இல் மனு தள்ளுபடி ஆனாலும், அந்த விதிகளை நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பில் வெளுத்து வாங்கினார்.

சரி, வேலை? பயிற்சி, ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம், பிறகு தூதரகத்தில் மூன்றாம் செயலர் என்ற ஆரம்பநிலைப் பதவி. கைகுலுக்கும் போட்டோக்களை மட்டும் பார்த்து வந்துவிடாதீர்கள். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர், சம்பளம் கிடைக்காத தொழிலாளி, ஊருக்கு அனுப்ப வேண்டிய உடல் என்று எல்லாம் தூதரக மேசைக்குத்தான் வரும்.