மாதவிடாய் நிற்கும் வயதில் மனச்சோர்வு: நம் மலைப் பெண்களின் கேள்விகளுக்குப் பதில்

நீலகிரியில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

குன்னூர், தேயிலைத் தோட்ட வேலை, வயது 46: மாதவிடாய் ஒரு மாதம் வருகிறது, இரண்டு மாதம் வருவதில்லை. கொழுந்து பறிக்கும்போதே அழுகை வருகிறது அக்கா. முழுசாக நின்றால் சரியாகிவிடுமா?

அதுவரை காத்திருக்க வேண்டாம்மா. மாதவிடாய் தாறுமாறாகும் இந்த வருடங்களில்தான் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறையாமல் ஏறி இறங்குகிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற மூளை ரசாயனமும் கூடவே தடுமாறுகிறது. பிள்ளை பெற்ற சமயம் மனச்சோர்வு இருந்ததா? இருந்தால் பழைய கதை என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அப்படி இருந்தவர்களுக்கு இப்போதும் வர வாய்ப்பு அதிகம். அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கக்கேடு இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே அசதி வரும்.

தலைகுந்தா, ஆசிரியை, 49: வெளியே உறைபனி, எனக்கு மட்டும் ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறது. தூக்கமே இல்லை. பகலில் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன்.

தூக்கம் கெட்டால் மனசும் கெடும், உங்கள் சுபாவத்தில் குறை இல்லை. கனத்த கம்பளி ஒன்றுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு மூன்று போர்த்துங்கள். சாயங்காலத்துக்கு அப்புறம் டீ வேண்டாம். நம் ஊரில் அது கஷ்டம்தான், தெரியும். அப்படியும் அடங்காவிட்டால் ஹார்மோன் சிகிச்சை பற்றி மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அது பொதுவாக ஆகாது. அவர்களுக்கு வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மாத்திரையே வேர்வையையும் குறைக்கும்.

கூடலூர், கணவர்: மனைவி மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள், பலன் இல்லை. நிறுத்திவிடலாமா?

வேண்டாம் தம்பி. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு இன்னும் அதிகமும் ஆகும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம்.

கோத்தகிரி, மகள்: அம்மா "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிறார்.

இன்றே கவனியுங்கள் கண்ணு. சாகணும்னு தோணுதாம்மா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ஆபத்து என்று தோன்றினால் 108ஐ அழையுங்கள்.